விருந்தாளி இரையான கதை

அன்புள்ள அண்ணாவுக்கு,

மனிதனை மனிதன் வேட்டையாடும் பழைய படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்', 'தி நேக்கட் பிரே' இரண்டையும் தேடிப் பார்த்தேன். முதல் படத்தை அம்மாவும் என்னோடு இருந்து பார்த்தார். காட்டுக்குள் நாய்களை அவிழ்த்துவிட்ட இடத்தில் ஒன்றும் பேசாமல் எழுந்து குசினிக்குப் போய்விட்டார். ஓடி ஒளிந்து வாழ்ந்தவர்கள் நாங்கள். ஒரு மனிதனைத் துரத்துவதை உட்கார்ந்து ரசிக்கும்படி எங்களுக்கு எப்படிச் சொல்கிறீர்கள்? கோபத்தில் கேட்கவில்லை. விளங்கவில்லை, அதனால் கேட்கிறேன்.

அன்புடன்,
மூதூரிலிருந்து ஒரு தம்பி

*

அன்புள்ள தம்பி,

முதலில் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் எழுந்து போனது சரி. அந்த நாய்களின் சத்தம் எனக்கும் இன்றுவரை ஆகாது. அந்த இடம் வந்தால் ஒலியைக் குறைத்துவிட்டுத்தான் பார்க்கிறேன். என் கட்டுரையில் துரத்தலைப் பற்றியே அளவுக்கு மிஞ்சி எழுதிவிட்டேன். அந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதன் முதற்பாதிக்காக. அதைச் சொல்லத் தவறிவிட்டேன்.

1932இல் வந்த படம் அது. ரிச்சர்ட் கானல் 1924இல் எழுதிய சிறுகதையிலிருந்து எடுத்தார்கள். அடுத்த ஆண்டு வெளியான 'கிங் காங்' படத்துக்குப் போட்ட அதே காட்டு அரங்கில் ஓடியிருக்கிறார்கள். கதாநாயகி ஃபே ரே இரண்டு படத்திலும் இருக்கிறார். மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூட. தொடக்கத்தில் கப்பலில் ஒரு பேச்சு வருமே, நினைவிருக்கிறதா? வேட்டைக்காரன் ரெயின்ஸ்ஃபோர்டிடம், நீ சுட்ட புலியின் இடத்தில் நீ இருந்தால் எப்படி என்று கேட்கிறார்கள். உலகத்தில் வேட்டையாடுபவர், வேட்டையாடப்படுபவர் என்று இரண்டே வகை, நான் வேட்டையாடுபவன், அது மாறாது என்கிறான். சொல்லி வாய் மூடவில்லை, கப்பல் பாறையில் மோதுகிறது.

ஏன் மோதியது? தீவில் கரையேறுபவர்களை வேட்டையாடும் ஸாரோஃப் பிரபு, கப்பலுக்கு வழிகாட்டும் விளக்குகளை இடம் மாற்றி வைத்திருக்கிறான். கடலோரத்தில் பிறந்த உங்களுக்கும் எனக்கும் இதைவிடப் பெரிய பாவம் ஒன்றைச் சொல்லத் தெரியுமா? உங்கள் பக்கத்து வெளிச்சவீட்டை நினைத்துப் பாருங்கள். இருட்டில் மூதூர்க் கரையின் கொட்டியாரக் குடாவுக்குள் வந்த ஒருவன் அந்த வெளிச்சத்தை நம்பித்தான் தன் உயிரைக் கொடுத்து வைத்திருந்தான். அந்த நம்பிக்கையைப் பொறியாக்கியவன் ஸாரோஃப். வில்லைக் கையில் எடுக்கும் முன்பே அவன் கொலைகாரனாகிவிட்டான்.

பிறகு நனைந்து வந்த ரெயின்ஸ்ஃபோர்டை வரவேற்கிறான். உலர்ந்த உடை கொடுக்கிறான், மது கொடுக்கிறான், மேசையில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிறான், பியானோ வாசித்துக் காட்டுகிறான். முன்னர் கரையேறிய இரண்டு மாலுமிகள் எங்கே என்ற கேள்வி அந்த மேசை மேலேயே கிடக்கிறது, யாரும் அதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. லெஸ்லி பேங்க்ஸ் என்ற நடிகர் அந்தப் பிரபுவாக வருகிறார். முதலாம் உலகப் போரில் அவர் முகத்தின் ஒரு பக்கம் சிதைந்துபோனது. ஒளி அந்தப் பக்கம் விழும்போது ஒரு முகம், இந்தப் பக்கம் விழும்போது வேறொரு முகம். உபசரிக்கும் முகத்திலேயே உண்மையான போர் ஒன்றின் வடு இருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். சோறு போட்ட கை மறுநாள் காட்டிக்கொடுத்த காலத்தில் வாழ்ந்தவர்கள் நாம். அம்மாவுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

துரத்தலின் நடுவில் ஒரே ஒரு வாக்கியத்துக்காக அந்தப் படத்தை மன்னிக்கிறேன். நான் மடக்கிப் பிடித்த மிருகங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது என்கிறான் ரெயின்ஸ்ஃபோர்ட். அந்த ஞானத்தோடு அவன் என்ன செய்தான் என்று மட்டும் படம் கேட்கவில்லை. பெண்ணோடு படகில் ஏறிப் போய்விடுகிறான். கானலின் கதையில் பெண் கிடையாது; அதன் முடிவில், பிரபுவைத் தீர்த்துவிட்டு அவனுடைய கட்டிலிலேயே படுத்து நிம்மதியாக உறங்குகிறான். எனக்குக் கதையின் முடிவுதான் நேர்மையானது. அந்தக் கட்டிலில் உறங்குபவன் நாளைக்கு என்ன ஆவான் என்ற பயத்தை அது நம்மிடம் விட்டுச் செல்கிறது.

'தி நேக்கட் பிரே'யைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்னல் வைல்ட் 1965இல் இயக்கி நடித்த படம். ஜான் கோல்டர் என்ற அமெரிக்கர், பிளாக்ஃபுட் பழங்குடியினரிடமிருந்து உடுதுணியின்றி ஓடித் தப்பிய நிகழ்வை ஆப்பிரிக்காவுக்கு மாற்றி எடுத்தார்கள். ஆப்பிரிக்கர்களின் கொடுமையைக் காட்டும் தொடக்கக் காட்சிகளை என்னால் ஏற்கவே முடியாது. ஆனால் அங்கேயும் வினை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். தங்கள் மண் வழியாகப் போகிறவர்களிடம் அந்த ஊரார் கேட்டது வழக்கமான அன்பளிப்பு. யானைத் தந்தத்துக்கு வந்த வெள்ளைக்காரன் கொடுக்க மறுத்து அவர்களைத் தள்ளிவிடுகிறான். இன்னொன்று: துரத்தும் ஆட்களில் ஒருவன் செத்து விழும்போது கூட வந்தவன் உடலைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். இரைக்கு மட்டுமல்ல, வேட்டைக்காரனுக்கும் அழ ஆள் இருப்பதைக் காட்டிய துரத்தல் படங்கள் அதிகம் இல்லை.

இந்தக் கதை நம் கரைக்குப் புதிதும் அல்ல. உடைந்த பாய்மரத்தைச் சரிசெய்யக் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய கப்பலில் வந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1660இல் உங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் பிடிபட்டார். கண்டி அரசனின் ஆட்கள் நல்ல வார்த்தை சொல்லித்தான் அவர்களைக் கரைக்கு அழைத்தார்கள். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1679இல், காட்டு வழியே ஆற்றங்கரையைப் பிடித்து நடந்து, மேற்குக் கரையில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்று சிறுவயதில் உங்களுக்கு யாராவது காட்டியிருப்பார்கள். அடுத்த முறை அந்த இடத்தைக் கடக்கும்போது, அங்கே நின்ற புளியமரத்து நிழலில் தங்களை விருந்தாளிகள் என்று எண்ணி உட்கார்ந்திருந்தவர்களை நினையுங்கள்.

அம்மாவிடம் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் தெரியுமா என்று கேளுங்கள். வேடன் கட்டிப்போட்ட மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மன்றாடுகிறது. நபிகள் நாயகம் அது திரும்பும்வரை தானே பிணையாக நிற்கிறார். மான் குட்டியோடு திரும்பி வருகிறது. உமறுப்புலவர் அந்த மானுக்கு ஒரு வாய் கொடுத்தார். வீட்டில் காத்திருக்கும் ஒன்றைப் பற்றிப் பேச வைத்தார். ஹாலிவுட்டின் இரைகளில் ஒருவருக்கும் அந்தப் பேச்சு வாய்க்கவில்லை.

சென்ற கிழமை விடியற்காலை கோணேஸ்வரத்துக்குப் போகத் திருகோணமலைக் கோட்டை வாசலுக்கு வந்தேன். மூன்று தெருநாய்கள் ஒரு மான்குட்டியைக் கடற்கரைப் பக்கமிருந்து துரத்திக்கொண்டு வந்தன. குரைக்கவில்லை, தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடிவந்தன. பூ விற்கும் அம்மா ஒருவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார். குட்டி அவருடைய சேலைக்குப் பின்னால் நின்றது. விலா எலும்புகள் புடைத்துப் புடைத்து அடங்கின, ஒரு காது மட்டும் நாய்களின் பக்கம் திரும்பியிருந்தது. நாய்கள் விலகிப் போகும்வரை அந்த அம்மா அசையவில்லை. நானும் பூ வாங்காமல், கூப்பிடாமல், பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்