திறந்த ஜீப்பில் இருப்பவர்களைச் சிங்கம் ஏன் தாக்குவதில்லை?

தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் கதவோ கண்ணாடியோ இல்லாத ஜீப்பைச் சிங்கத்தின் அருகிலேயே நிறுத்துகிறார்களே, அது ஏன் பாய்வதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முக்கியக் காரணம் பழக்கம். தாயின் பின்னால் திரியும் குட்டிப் பருவத்திலிருந்தே சிங்கம் வண்டிகளைப் பார்த்து வளர்கிறது. அவை அதைத் துரத்தியதில்லை, அதற்கு இரையானதும் இல்லை. வண்டியையும் உள்ளே இருப்பவர்களையும் சேர்த்து ஒரே பெரிய உருவமாகத்தான் அது காண்கிறது என்பது வழிகாட்டிகளின் அனுபவம். மரமில்லாத புல்வெளியில் உச்சிவெயில் நேரத்தில் ஜீப்பின் நிழலுக்கே வந்து படுத்துவிடும். சக்கரத்தில் முதுகைச் சாய்த்து, கண்ணோரம் ஈ மொய்க்க, வயிறு ஏறி இறங்க மூச்சு வாங்கும். உங்கள் கால் அதன் தலைக்கு மேல் ஓரடி தூரத்தில் இருக்கலாம்!

அந்த நேரத்தில் எழுந்து நிற்காதீர்கள், கையை வெளியே நீட்டாதீர்கள். உருவத்தின் ஓரம் உடைந்ததும் அங்கே மனிதன் தெரிந்துவிடுகிறான். இறங்கவே கூடாது, தரையில் நிற்பவனிடம் சிங்கம் நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு.

என்னைக் கேட்டால், சிங்கத்தைவிட யானையிடம்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அது வண்டியையே புரட்டிப் போடக்கூடியது. காதை விரித்துத் தலையைத் தூக்கினால், விலகிப் போ என்று பொருள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வழியும் ஆண் யானை என்றால், படம் எடுக்கும் ஆசையை விட்டு ஓட்டுநரை உடனே பின்னால் எடுக்கச் சொல்லுங்கள்.