முன்னால் இருக்கிற சிப் மட்டும்

அன்புள்ள ஐயா,
நிலாவெளியிலிருந்து எழுதுகிறேன். நண்பர்களோடு போக்கர் கடதாசி விளையாடுவேன். போன கிழமை கையில் ஏஸ்-கிங் வந்தது, முன்னால் இருந்த சிப் (காசுக்குப் பதிலான வில்லைகள்) எல்லாவற்றையும் வைத்து ஓல்-இன் போனேன். எதிராளியிடம் இரண்டு குயின். தோற்றுவிட்டேன். நான் போனது பிழையா? ஒருவர் ஓல்-இன் போன பிறகு மற்றவர்கள் மேலும் வைப்பது தனியாகச் சேருமே, அந்த சைட் பொட் கணக்கையும் விளக்குங்கள். வாழ்க்கையிலும் ஓல்-இன் போகிறவன்தான் வெல்வான் என்று நினைக்கிறேன். அப்பாவின் படகு இஞ்சினை விற்று, அம்மாவின் நகையை அடைவு வைத்து வெளிநாடு போக யோசிக்கிறேன்.

அன்புத் தம்பிக்கு,
பிழையில்லை. இரண்டு குயினுக்கு எதிரே ஏஸ்-கிங் 100க்கு ஏறக்குறைய 43 தடவை வெல்லும். எதிராளி பயந்து கடதாசியைப் போட்டுவிடவும் கூடும். ஓல்-இன்னின் பலமே அதில்தான். இரண்டு ஏஸ் வைத்திருப்பவனே இரண்டு கிங்கிடம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை தோற்கிறான். சைட் பொட் கணக்கு எந்த விதிப்புத்தகத்திலும் இருக்கிறது, அதற்கு நான் தேவையில்லை.

என்னை எழுத வைத்தது உங்கள் கடைசி வரி. கொஞ்ச நாளாகவே நம் பிள்ளைகள் இப்படிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு மனம் கொதித்துக்கொண்டிருந்தது. போக்கரில் ஒரு விதி இருக்கிறதே, அது உங்களுக்குத் தெரியாதா? அந்த ஆட்டம் தொடங்கும்போது உங்கள் முன்னால் இருந்த சிப்தான் எல்லை. நடுவில் சட்டைப்பைக்குள் கைவிட முடியாது. எதிராளி உங்களைப்போல் பத்து மடங்கு வைத்தாலும் உங்களிடம் உள்ளதற்கு மேல் ஒரு சதமும் உங்களிடம் கேட்க முடியாது. எல்லாவற்றையும் தோற்றவன்கூட எழுந்து வீட்டுக்குப் போகலாம், வீடு அங்கே இருக்கும். தருமன் ஆடிய சூதில் இந்த எல்லை இல்லை. நாடு போனது, தம்பிமார் போனார்கள், பாஞ்சாலியையும் வைத்தான்.

உவர்மலையில் பெரியப்பா வீட்டு விறாந்தையில் ஊரடங்கு இரவுகளில் 304 என்ற கடதாசி ஆட்டம் நடக்கும். காசு கிடையாது, புளியங்கொட்டைதான். ஒரு நாள் ஆட்டச் சூட்டில் ஒருவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாயில் வைத்தார். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. அதை எடுத்து அவர் மணிக்கட்டிலேயே கட்டி, வாரை வளையத்துக்குள் செருகிவிட்டு, அப்புறம்தான் கடதாசியைப் பிரித்தார்.

அம்மாவின் நகை உங்கள் சிப் இல்லை, தம்பி. அப்பாவின் இஞ்சினும் இல்லை. அவர்கள் உங்கள் மேசைக்கு விளையாட வரவில்லை. வெளிநாடு போங்கள், நான் மறிக்கவில்லை. நீங்கள் உழைத்துச் சேர்த்ததை வைத்துப் போங்கள். வாடைக்காலம் முடிந்து கடல் அடங்கியதும் அப்பா எதைப் பூட்டிக்கொண்டு தொழிலுக்குப் போவார்? இதை அவரிடம் கேட்டீர்களா? முதலில் கேளுங்கள். அவர் சொன்னதை அப்படியே எனக்கு எழுதுங்கள்.