அமெரிக்க விசாவைக் காட்டி மற்ற நாடுகளுக்குள் நுழைவது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

எச்-1பி என்ற வேலை விசாவில் அமெரிக்கா வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன என்றும், வரும் டிசம்பரில் மனைவியுடன் ஐந்து நாள் மெக்சிகோவின் கான்குன் போக விரும்புவதாகவும், மார்ச்சில் ஊருக்குப் போகும் வழியில் துபாயில் நான்கு நாளும் திரும்பும் வழியில் சிங்கப்பூரில் அக்கா வீட்டில் இரண்டு நாளும் தங்கத் திட்டமிட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "அமெரிக்க விசா இருந்தால் இந்த மூன்று இடங்களுக்கும் தனி விசா வேண்டாம்" என்று அலுவலக நண்பர்கள் சொல்வது உண்மையா என்பது உங்கள் கேள்வி. பாஸ்போர்ட்டில் உள்ள விசா பிப்ரவரி இறுதியில் முடிகிறது என்பதையும், நீட்டிப்புக்கு ஒப்புதல் கிடைத்ததைத் தெரிவிக்கும் ஐ-797 தாள் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது என்பதையும் கடைசி வரியில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என் பதில் முழுவதும் அந்தக் கடைசி வரியைச் சுற்றித்தான் இருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தச் சலுகை நம்முடைய இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கிடைத்தது அல்ல. அமெரிக்கா ஒருவரை விசாரித்து விசா கொடுத்திருக்கிறது என்பதை வேறொரு நாடு நம்பி, அந்த நம்பிக்கையின் பேரில் தன் கதவைத் திறக்கிறது. ஆகவே அந்த நாடு பார்ப்பது பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவை மட்டுமே. அமெரிக்காவுக்குள் வாழும்போது நம்மைக் காப்பது, எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவும் ஐ-797-ம்தான். ஸ்டாம்பிங், அதாவது பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா, முடிந்துபோனாலும் வேலைக்கும் வீட்டுக்கும் எந்த இடையூறும் வராது. அப்படியே பழகிவிடுவதால், எல்லையைத் தாண்டிய கணத்தில் அந்த இரண்டு தாள்களும் பெரும்பாலும் பேச்சிழந்துவிடும் என்பது பலருக்கு விமான நிலையத்தில்தான் தெரியவருகிறது.

மெக்சிகோ விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொன்னது சரி. செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர் தனி விசா இல்லாமல் மெக்சிகோவுக்குள் நுழையலாம். கனடா, ஜப்பான், பிரிட்டன், ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகள்) தரும் விசாவுக்கும் இதே சலுகை உண்டு. அதிகபட்சம் 180 நாள் தங்கலாம் என்றாலும் எத்தனை நாள் என்பதை நுழைவிடத்தில் உள்ள அதிகாரியே தீர்மானிப்பார். டிசம்பரில் உங்கள் விசா உயிரோடு இருப்பதால் கவலையில்லை. உங்கள் மனைவியின் எச்-4 விசா (எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதவில்லை. கணவரின் விசாவை வைத்து மனைவி நுழைய முடியாது, ஒவ்வொருவருக்கும் அவரவர் விசாதான் கணக்கு. திரும்பி வரும்போது புதிய ஐ-797-ஐக் கையில் வைத்திருங்கள். விசாவில் உள்ள பழைய தேதியைப் பார்த்து அதிகாரி ஐ-94-ஐயும் பிப்ரவரியோடு முடித்துவிட்டால் உங்கள் நீட்டிப்பே சிக்கலாகிவிடும். வீட்டுக்கு வந்தவுடன், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, இணையத்தில் புதிய ஐ-94-ஐ எடுத்துத் தேதியைச் சரிபாருங்கள்.

மெக்சிகோ பயணத்தைத் தள்ளிப்போட்டு மார்ச்சுக்குப் பிறகு போகலாமா என்ற எண்ணம் வந்தால், அங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. விசா முடிந்திருந்தாலும், செல்லுபடியாகும் ஐ-94 வைத்திருப்பவர் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய் 30 நாளுக்குள் அமெரிக்காவுக்குத் திரும்பலாம் என்று ஒரு விதி உண்டு. தானியங்கி மறுசெல்லுபடி என்று அதைச் சொல்வார்கள். அங்கே போன இடத்தில் புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் அந்தச் சலுகையும் போய்விடும். ஆனால் அது அமெரிக்கா தன் கதவைப் பற்றி வகுத்துக்கொண்ட விதி. மெக்சிகோவின் கதவை அது திறக்காது. விசா முடிந்த இந்தியருக்கு மெக்சிகோவுக்குள் போக மெக்சிகோ விசா தேவை, கனடாவுக்குள் போக எப்போதுமே கனடா விசா தேவை. திரும்பி வர வழி இருக்கிறது என்ற தைரியத்தில் கிளம்பி, உள்ளே போக வழி இல்லாமல் நின்ற குடும்பங்களை நான் அறிவேன்.

துபாய்க்கு வருவோம். அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ வைத்திருக்கும் இந்தியருக்கு ஐக்கிய அரபு அமீரகம் வந்திறங்கியதும் 14 நாள் விசா தருகிறது. கட்டணம் 100 திர்ஹாம். 2025 பிப்ரவரியில் சிங்கப்பூர், ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளில் குடியிருப்பு அனுமதி உள்ள இந்தியர்களுக்கும் இதை விரிவாக்கினார்கள். ஆனால் மெக்சிகோவைப் போல 'இறங்கும் நாளில் செல்லுபடியானால் போதும்' என்று இங்கே இருந்துவிட முடியாது. பாஸ்போர்ட்டும், நாம் காட்டும் விசாவும் குறைந்தது ஆறு மாதம் மீதம் வைத்திருக்க வேண்டும். பிப்ரவரியில் முடியும் உங்கள் விசாவை வைத்து, மார்ச்சில் மட்டுமல்ல, இந்த டிசம்பரில்கூட துபாய்க்குள் போக முடியாது. ஊருக்குப் போகும் வழியிலேயே துபாயைப் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே சாதாரணச் சுற்றுலா விசா எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் இந்தியாவில் புதிய ஸ்டாம்பிங் முடிந்த பிறகு, திரும்பும் வழியில் துபாயை வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் அங்கே விமானம் மாறுவதற்கு மட்டும் விசா வேண்டியதில்லை.

சிங்கப்பூரின் விதி இன்னொரு வகை. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகியவற்றில் ஒன்றின் விசாவோ நீண்டகால அனுமதியோ உள்ள இந்தியர், மூன்றாம் நாட்டுக்குப் போகும்போதோ அங்கிருந்து திரும்பும்போதோ 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் தங்கலாம். இடைவழியில் தங்குவோருக்கான சலுகை இது என்பதால், சிங்கப்பூரை மட்டும் பார்த்துவிட்டு இந்தியாவுக்கே திரும்புகிறவருக்குப் பொருந்தாது. நாம் காட்டும் விசா நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதம் செல்லுபடியாக வேண்டும்; 96 மணி நேரத்துக்குள் புறப்படும் உறுதியான டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும். இந்தியாவில் புதிய விசா வாங்கிக்கொண்டு, சிங்கப்பூர் வழியாக அமெரிக்கா திரும்புகிறீர்கள் என்றால் அக்கா வீட்டு இரண்டு நாள் இந்த விதிக்குள் அழகாகவே அமர்கிறது. அக்காவோடு நான்கைந்து நாள் கூடுதலாக இருக்க ஆசைப்பட்டால் ஒழுங்காக விசா எடுத்துவிடுங்கள். மணிக்கணக்கை இழுத்துப் பார்ப்பது வேண்டாம்.

ஒரே விசா, ஆனால் மெக்சிகோவுக்கு ஒரு நாள் மீதம் இருந்தால் போதும், சிங்கப்பூருக்கு ஒரு மாதம் வேண்டும், அமீரகத்துக்கு ஆறு மாதம் வேண்டும். நண்பர்கள் சொன்னது பொய்யல்ல. 'இருந்தால்' என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை கணக்கு ஒளிந்திருப்பதை அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். துருக்கியை எடுத்துக்கொண்டால் அதுவும் வேறு: அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் விசா உள்ள இந்தியருக்கு இணையத்தில் விசா கிடைக்கும், ஆனால் நாம் காட்டும் அந்த விசா மின்னணு விசாவாக இருந்தால் ஏற்பதில்லை.

இனி நான் அனுபவித்ததைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக லண்டனில் விமானம் மாறும்படி டிக்கெட் எடுத்திருந்தேன். என் விசா முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. புதிய ஐ-797 பையில் இருந்தது. ஊரில் ஸ்டாம்பிங்குக்கு நாளும் குறித்திருந்தேன். செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, என்னை ஏற்ற முடியாது என்று சொன்னார். லண்டனில் விமானம் மாறுவதற்கே இந்தியருக்கு இடைவழி விசா தேவை என்பதும், செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, ஆஸ்திரேலிய அல்லது நியூசிலாந்து விசா இருந்தால் அதிலிருந்து விலக்கு உண்டு என்பதும், அந்த விசாவின் இடத்தில் ஐ-797-ஐ வைக்க முடியாது என்பதும் அந்தக் கவுண்டரின் முன்னால் நின்றபடிதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் வளைகுடா வழியாக வேறு டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர்ந்தபோது நிச்சயம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான், "ஒரு தாளைப் பார்த்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

அந்தக் கவுண்டர்ப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனத்துக்கு அபராதம் விழும்; அதனால் 'டைமேட்டிக்' என்ற தரவுத்தளத்தில் நாடு வாரியாக விதியைப் பார்த்தே போர்டிங் பாஸ் தருகிறார்கள். நடைமுறையில் நம் பயணத்தை முதலில் தீர்மானிப்பது குடியேற்ற அதிகாரி அல்ல, இந்தக் கவுண்டர்தான். எனவே டிக்கெட் எடுக்கும் முன் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் விதியைப் படித்துவிட்டு, விமான நிறுவனத்திடமும் உங்கள் விசாவின் வகையையும் முடியும் தேதியையும் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் மறுபடி பாருங்கள். இந்தச் சலுகைகள் வந்த வேகத்திலேயே போகவும் கூடும்: 2024 பிப்ரவரியில் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று அறிவித்த ஈரான், வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் பணத்துக்காகக் கடத்தப்பட்ட சம்பவங்களுக்குப் பிறகு, 2025 நவம்பர் 22 முதல் அதை நிறுத்திவிட்டது.

ஆகவே டிசம்பரில் இருவரும், மனைவியின் விசாத் தேதியைப் பார்த்துவிட்டு, நிம்மதியாகக் கான்குன் போய் வாருங்கள். மார்ச்சில் போகும் வழியில் லண்டனைத் தொடாத டிக்கெட்டாக எடுங்கள். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். 2025 செப்டம்பர் 2 முதல் நேர்காணல் விலக்கு பெரும்பாலானோருக்கு இல்லாமல் போய்விட்டதால் எச்-1பி, எச்-4 இரண்டுக்கும் நேரில் போக வேண்டியிருக்கும், பாஸ்போர்ட் தூதரகத்தில் எத்தனை நாள் இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. விசா ஒட்டிய பாஸ்போர்ட் இருவருக்கும் கைக்கு வந்த பிறகு சிங்கப்பூர் டிக்கெட்டை உறுதிசெய்து, அதற்கப்புறம் அக்காவிடம் தேதியைச் சொல்லுங்கள்.