ஐம்பது மேசை, ஒரு பேன்ட்ரி: பகிர்வு அலுவலகம் பற்றிய உங்கள் கேள்விகள்

வணக்கம். கோலாலம்பூரில் ஒரு பகிர்வு அலுவலகத்தை எட்டு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். கோவர்க்கிங் என்றால்தான் பலருக்குப் புரியும். மாதக் கட்டணத்துக்கு ஒரு மேசை, பொது வைஃபை, சாப்பாடு சூடாக்கவும் தேநீர் போடவும் பொது பேன்ட்ரி, மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் மீட்டிங் ரூம். எங்களிடம் ஐம்பது மேசைகள். ஆளுக்கொரு தொழில், மூன்று நான்கு மொழி, எல்லா மதமும் உண்டு. யாரும் யாருக்கும் முதலாளி இல்லை. ஒரே கம்பெனியாக இருந்தால் மேலதிகாரி ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்; இங்கே பக்கத்து மேசைக்காரரிடம் நாமேதான் வாயைத் திறக்க வேண்டும். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதில்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

கேள்வி (வடிவமைப்பாளர், செந்தூல்): என் எதிர் மேசையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். தினமும் "பசியாறியாச்சாம்மா?" என்று கேட்பார். ஆனால் மதியமானால் ஹெட்போன் போடாமல் போனில் வீடியோ பார்க்கிறார். என் அப்பா வயது, எப்படிச் சொல்வது? வாட்சப் குழுவில் பொதுவாக ஒரு வரி போட்டுவிடலாமா?

பதில்: குழுவில் போடாதீர்கள்மா. "சிலர் வீடியோவைச் சத்தமாக வைக்கிறார்கள்" என்று போட்டால், அவர் அது வேறு யாருக்கோ என்று நினைத்துக் கடந்துவிடுவார். சத்தமே வைக்காத நான்கு பேர் நம்மைத்தானோ என்று மனம் புழுங்குவார்கள். ஒருவேளை அவருக்குப் புரிந்துவிட்டால் அது இன்னும் மோசம். ஐம்பது பேர் முன்னால் சொன்ன மாதிரி ஆகிவிடும், நாளைக்குப் பசியாறியாச்சா என்று கேட்கமாட்டார்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் எதற்கெடுத்தாலும் நோட்டீஸ் அச்சடித்து ஒட்டினேன். சிங்க்கில் கப் வைக்காதீர், கதவை அறையாதீர் என்று பேன்ட்ரிச் சுவரில் பதினொரு தாள். யாரும் திருந்தவில்லை. ஒன்று தன்னைப் பற்றித்தான் என்று புரிந்துகொண்ட ஓர் அக்கா, அந்த மாதக் கடைசியில் மேசையைக் காலி செய்துகொண்டு போனார். நேரில் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சரி என்றிருப்பார். அன்றைக்கே எல்லாத் தாளையும் கிழித்துவிட்டேன்.

அவர் வீடியோ பார்க்கும்போது போகாதீர்கள். கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருக்கும். மறுநாள் காலை அவர் பசியாறியாச்சா என்று கேட்கும்போதே சொல்லுங்கள்: "ஆச்சுண்ணே. உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும். மத்தியானத்துலதான் நான் டிசைன் முடிச்சு அனுப்புவேன், சத்தம் கேட்டா எனக்குக் கை ஓடமாட்டேங்குது. வீடியோ பாக்குறப்ப ஹெட்போன் போட்டுக்கிறீங்களா?" அவ்வளவுதான். "எல்லாரும் சொல்றாங்க" என்று மட்டும் சேர்க்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் கூடிப் பேசிவிட்டு வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தைக்கும். உங்கள் சிரமம் உங்களுடையதாகவே இருக்கட்டும். நான் பார்த்தவரை, இப்படிக் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது "அடடா, சொல்லியிருக்கக்கூடாதா" என்ற பதில்தான்.

கேள்வி (காப்புறுதி முகவர், பூச்சோங்): ஒரு நாளைக்குப் பதினைந்து போன் பேசுவது என் தொழில். போன் பூத் இரண்டும் எப்போதும் நிறைந்திருக்கின்றன. மேசையில் பேசினால் முறைக்கிறார்கள். மெதுவாகத்தான் பேசுகிறேன்.

பதில்: மெதுவாகப் பேசுவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம் தம்பி. காது முழுவதையும் அடைக்கும், சத்தத்தைத் தடுக்கும் ஹெட்போன் போட்டிருக்கிறீர்களா? அதைப் போட்டால் நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காது. அறியாமல் குரல் ஏறிவிடும். பேசும்போது ஒரு காதைத் திறந்து வையுங்கள். குரல் தானாக இறங்கும்.

இன்னொன்று, இரண்டு பேர் நேருக்கு நேர் பேசிக்கொள்வதைவிட ஒருவர் போனில் பேசுவதுதான் அருகில் இருப்பவரை அதிகம் இழுக்கும். பாதிப் பேச்சுதான் காதில் விழுகிறது. மறுபாதி என்னவாக இருக்கும் என்று மனம் தானாகத் தேடப் போய்விடுகிறது. முறைப்பவர்கள் உங்கள் மேல் கோபமாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விட்ட வரியை எங்கே விட்டோம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

தொழிலே போன் என்றால், போன் பேசுவதற்கென்றே இருக்கும் பகுதியில் மேசை கேளுங்கள். எங்களிடம் லிஃப்ட் பக்கம் எட்டு மேசைகள் அப்படி. இடம் வாடகைக்குப் பார்க்கும்போதே "சத்தமாகப் பேசலாம் என்ற இடம் எது?" என்று கேட்க வேண்டும். வைஃபை வேகம் கேட்கிறோம், கார் பார்க்கிங் கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை.

தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. கோலாலம்பூரில் அந்த நம்பிக்கை வேண்டாம். எங்கள் இடத்தில் ஒரு சீனப் பெண்மணி ஈப்போவில் தமிழர்களோடு வளர்ந்தவர்; நாம் பேசுவது முழுவதும் அவருக்குப் புரியும். வாடிக்கையாளரின் நோய், கடன், குடும்பச் சண்டை எல்லாம் உங்கள் வாயில் வருகிற தொழில் என்பதால் சொல்கிறேன்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர், பிரிக்பீல்ட்ஸ்): நேற்று வீட்டுக் கருவாட்டுக் குழம்பை மைக்ரோவேவில் சூடாக்கினேன். ஒருவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். நம் சாப்பாட்டை அவமதிப்பதா? நான் நிறுத்த வேண்டுமா?

பதில்: உங்கள் மனம் சுருங்கியது எனக்குப் புரிகிறது. அம்மா வைத்த குழம்புக்கு யாராவது மூக்கைப் பிடித்தால் நமக்குச் சுள்ளென்று ஏறும். ஆனால் இது தமிழ்ச் சாப்பாட்டுக்கு மட்டும் வரும் வழக்கு இல்லை. எங்கள் பேன்ட்ரியில் சம்பல் பெலாச்சான் என்ற இறால் விழுதுத் துவையல், பெத்தாய் என்ற வாசனைக் காய், டுரியான் பழம் எல்லாவற்றுக்கும் ஒருமுறையாவது பஞ்சாயத்து நடந்திருக்கிறது. ஒருவர் வீட்டு வாசனை இன்னொருவருக்கு நாற்றம்தான், எல்லா இனத்திலும்.

நான் வைத்திருக்கும் வழக்கம் இதுதான்: அலுவலகத்துக்குள் எதைச் சாப்பிட்டாலும் சரி, மேசையில் வேண்டாம், பேன்ட்ரியில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடலாம். கருவாடு, நண்டு, பெலாச்சான் போன்றவற்றைச் சூடாக்காமல், சோற்றை மட்டும் சூடாக்கிக் குழம்பை அப்படியே ஊற்றிக்கொள்ளலாம். வாசனை கிளம்புவது பெரும்பாலும் சூட்டில்தான். டுரியான் மட்டும் முழுக்க வெளியே. ஏர்கோன் அந்த வாசனையை எல்லா அறைக்கும் கொண்டுபோய் விடுகிறது, அடுத்த நாள் வரை இருக்கும்.

வாசனையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. முஸ்லிம் நண்பர்களுக்குப் பன்றி இறைச்சி பட்ட தட்டும் கரண்டியும் ஆகாது. நம்மில் பலருக்கு மாட்டிறைச்சி ஆகாது. தைப்பூசத்துக்கு மாலை போட்டு விரதம் இருப்பவருக்கு மீன் கவிச்சி பட்ட பாத்திரமே ஆகாது. இதில் யாருடைய நம்பிக்கை பெரிது என்று தராசில் வைக்க முடியாது. ஹலால் இல்லாத உணவு கொண்டுவந்தால் பொதுத் தட்டு, பொது மைக்ரோவேவ் இரண்டையும் தொடாமல் சொந்தப் பெட்டியில் சாப்பிட்டுவிடுங்கள். விரதம் இருப்பவர் மூடி போட்ட சொந்தப் பாத்திரமும் கரண்டியும் வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் விரதக்காரர்களுக்காக இரண்டாவது மைக்ரோவேவ் ஒன்றே வாங்கி வைத்துவிட்டோம். இருநூறு ரிங்கிட்டுக்கு வருடக்கணக்கான மனக்கசப்பு தீர்ந்தது.

ஜன்னலைத் திறந்தவரிடம் கோபம் வேண்டாம். அவர் உங்களைப் பார்த்து எதுவும் சொல்லவில்லையே.

கேள்வி (மென்பொருள் எழுதுபவர், செராஸ்): பையை வைத்து மேசையைப் பிடித்துவிட்டு மூன்று மணி நேரம் வெளியே போவது தவறா?

பதில்: ஹாட் டெஸ்க், அதாவது யாருக்கும் சொந்தமில்லாமல் முதலில் வருகிறவர் உட்காரும் மேசை என்றால் தவறு. நான் கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். பொதுக்குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பார்க்கலாம், அது எல்லோருக்கும் சம்மதம். முறை வரும்போது ஆள் இல்லை என்றால் குடத்தை ஓரமாக நகர்த்திவிட்டு அடுத்தவர் பிடிப்பார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இங்கேயும் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு மணி நேரம் சரி. அதற்கு மேல் என்றால் பையை லாக்கரில் வையுங்கள்.

கேள்வி (கணக்காய்வாளர், பெட்டாலிங் ஜெயா): ஏர்கோன் குளிர் தாங்க முடியவில்லை. நான் கூட்டி வைத்தால் வேறொருவர் குறைத்துவிடுகிறார்.

பதில்: இதற்கு ஆளுக்கொரு அபிப்பிராயம் வேண்டாம், எண்ணே இருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரத் துறையின் உட்புறக் காற்றுத் தர நெறிமுறை 2010-இல் வந்தது. அதில் அறை வெப்பம் 23 முதல் 26 டிகிரி. அரசாங்க அலுவலகங்களில் 24-க்குக் கீழே வைக்கக்கூடாது என்று 2011-லேயே சொல்லிவிட்டார்கள். உங்கள் நிர்வாகியிடம் 24 என்று வைத்துப் பூட்டச் சொல்லுங்கள், ரிமோட் யார் கையிலும் இருக்க வேண்டாம். அப்படியும் காற்றுத் துவாரத்துக்கு நேர் கீழே இருக்கும் மேசை குளிரத்தான் செய்யும். இடம் மாற்றிக் கேளுங்கள்.

அதே நெறிமுறையில் கரியமில வாயுவுக்கும் 1000 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) என்று ஓர் உச்ச அளவு இருக்கிறது. சின்ன மீட்டிங் ரூமில் எட்டுப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் தலை மந்தமாவதற்கு அந்த அடைசல் காற்றும் ஒரு காரணம். நடுவில் ஐந்து நிமிடம் கதவைத் திறந்து வையுங்கள். அடுத்து வருகிறவர்களுக்கும் அது நல்லது.

கேள்வி (திட்ட நிர்வாகி, கிள்ளான்): வெள்ளிக்கிழமை மதியம் மீட்டிங் வைத்தால் மலாய் நண்பர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் முகம் வாடுகிறார்.

பதில்: ஜும்மா தொழுகை. அரசாங்க அலுவலகங்களில் வெள்ளிக்கிழமை இடைவேளையே 12.15 முதல் 2.45 வரை. அந்த நேரத்தைக் காலியாக விடுங்கள், மூன்று மணிக்கு வையுங்கள். அவர் சொல்லமாட்டார், நாம்தான் தெரிந்து நடக்க வேண்டும். நோன்பு மாதத்தில் நீங்கள் சாப்பிடுவதற்குத் தடை ஒன்றும் இல்லை; அவருக்கு நேரே மேசையில் பிரித்து வைக்காமல் பேன்ட்ரிக்குள் போனால் போதும்.

கேள்வி (வரிக்கணக்கு செய்பவர், காஜாங்): வாடிக்கையாளர் பத்திரங்களைப் பொது பிரிண்டரில் எடுக்கிறேன். ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, நடப்புக்கு வந்தது நவம்பர் 2013. வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண், வருமானம் எல்லாம் உங்கள் பொறுப்பு. கடந்த 2025 ஜூன் முதல், பெரிய பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவு நடந்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் சேர்ந்திருக்கிறது. பிரிண்டரில் கடவுச்சொல் போட்டு, நேரில் நின்றால்தான் தாள் வரும்படி வைக்க முடியும்; நிர்வாகியைக் கேளுங்கள். மேசையை விட்டு எழுந்தால், தண்ணீர் குடிக்கப் போனாலும், திரையைப் பூட்டுங்கள். விண்டோஸில் விண்டோஸ் விசையோடு எல் எழுத்து. பிரிண்டர் தட்டில் யாரோ விட்டுப்போன தாளைப் பார்த்தால் படிக்காமல் கவிழ்த்து வையுங்கள்.

கேள்வி (தொழில்முனைவர், பத்து கேவ்ஸ்): மேசையில் முருகன் படம் வைத்து ஊதுவத்தி ஏற்றலாமா?

பதில்: படம் தாராளமாக. ஊதுவத்தி, கற்பூரம் வேண்டாம். புகை அறிவான் கூரையில் இருக்கிறது. ஒருமுறை அடித்தால் கட்டடமே கீழே இறங்க வேண்டும். திருநீறு பூசி, ஒரு பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி (அதே கட்டடத்தில் வேறொருவர்): படிக்கட்டில் வேப் (மின்சிகரெட்) பிடித்தால்?

பதில்: கூடாது. 2024 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கும் புகைப்பொருள் சட்டம் சிகரெட்டையும் வேப்பையும் ஒன்றாகவே பார்க்கிறது.

கேள்வி (விற்பனைப் பிரிவு, ஷா ஆலம்): என் கம்பெனி எங்களைப் பகிர்வு அலுவலகத்தில் உட்கார வைத்திருக்கிறது. எனக்கு அந்தச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

பதில்: கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்துக்குச் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கேட்டு விண்ணப்பித்தால் முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே எந்த வேலைக்கு அமைதி வேண்டும், எந்த நாட்களில் என்று தெளிவாக எழுதுங்கள்.

கேள்வி (தொடக்க நிறுவனம், பங்சார்): தீபாவளிக்குக் கூடத்தில் கோலம் போட ஆசை. அனுமதி கிடைக்குமா?

பதில்: எங்கள் இடத்தில் ஒவ்வோர் ஆண்டும் போடுகிறோம். வண்ண அரிசியைத் தரையில் நேரடியாகப் போடாமல் பலகையின் மேல் போட்டு, நடைபாதையை விட்டுத் தள்ளி வையுங்கள். டைல்ஸ் தரையில் சிதறிய அரிசி வழுக்கும். முதல் வருடம் நாங்கள் மூன்று தமிழர்கள் மட்டும் உட்கார்ந்து போட்டோம். மறுவருடம் மலாய், சீன நண்பர்களையும் அரிசிக்குச் சாயம் கலக்கக் கூப்பிட்டோம். அதற்குப் பிறகு அது எல்லோருடைய கோலமும் ஆகிவிட்டது. முறுக்கு கொண்டுவந்தால் கூடவே ஒரு சீட்டில் என்னென்ன போட்டது என்று எழுதி வையுங்கள், கச்சான் (நிலக்கடலை) ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள். எடுத்துச் சுத்தம் செய்யும் நாளையும் முன்கூட்டியே குறித்துவிடுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, ரவாங்): மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். அறுபத்திரண்டு வயது. வீட்டில் பேரப்பிள்ளைகள் சத்தம். இளவட்டங்கள் நடுவே எனக்கு இடம் இருக்குமா?

பதில்: வாங்க டீச்சர். முதலில் மாதக் கட்டணம் கட்டாதீர்கள், ஒருநாள் பாஸ் எடுத்து செவ்வாய் அல்லது புதன் காலை வந்து பாருங்கள். வாரத்தின் உண்மையான கூட்டமும் சத்தமும் அன்றைக்குத்தான் தெரியும். கழிவறைக்கும் பேன்ட்ரிக்கும் நடக்கும் தூரம், நாற்காலியின் முதுகு, மேசையில் விழும் வெளிச்சம் இவற்றைப் பாருங்கள். இடப்பக்கம் வலப்பக்கம் இருப்பவர்களிடம் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள், அது பின்னால் எதையும் சொல்ல வேண்டி வந்தால் உதவும். அப்படியே துப்புரவு செய்யும் இந்தோனேசிய அக்காவிடமும். எங்கள் இடத்தில் அவரை எல்லோரும் 'காக்' என்று கூப்பிடுகிறோம், மலாயில் அக்கா. தரையும் கழிவறையும் அவர் வேலை, நம் தே தாரிக் கப் அவர் வேலை இல்லை. குடித்தவர்தான் கழுவ வேண்டும். காலை எட்டரைக்கு வந்தால் ஜன்னலோர மேசை காலியாக இருக்கும்.