நாகாப் படையை ஆடுவது எப்படி? கேள்வி பதில்

வார்கிராஃப்ட் 3 என்ற கணினிப் போர் விளையாட்டின் விரிவாக்கமான ஃப்ரோசன் த்ரோன் 2003 ஜூலை 1 அன்று வெளியானது. நாகாக்களை நம் கையில் கொடுத்து ஆடவிட்டது அதுதான். கடலிலும் கரையிலும் ஒன்றுபோல நடமாடும் பாம்புடல் படை, தலைமையில் உறைபனி அம்பு எய்யும் சூனியக்காரி. அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு மிகப் பிடித்த படை இதுதான். வந்த கேள்விகளில் பலரும் கேட்டவற்றைத் தொகுத்து எழுதுகிறேன்.

அக்கா, விளையாட்டைப் போட்டுப் பார்த்தேன். இனம் தேர்வு செய்யும் இடத்தில் நாகாவே இல்லையே?

இருக்காது தம்பி. சாதாரண ஆட்டத்தில் ஹ்யூமன், ஆர்க், அன்டெட், நைட் எல்ஃப் ஆகிய நான்கு இனங்கள்தான். நாகாக்களை மூன்று வழிகளில் ஆடலாம். முதலாவது, ஃப்ரோசன் த்ரோனில் பிளட் எல்ஃப்கள் வரும் கேம்பெயின், அதாவது கதையாக வரும் தொடர் கட்டங்கள். அதில் பிளட் எல்ஃப் இளவரசன் கேல்தாஸோடு நாகாக்களின் தலைவி லேடி வாஷ் சேர்ந்த பிறகு நாகாக்களும் உங்கள் படையில் வருவார்கள். இரண்டாவது, டேவர்னில் (எல்லா இனத்தாரும் ஹீரோக்களை அமர்த்தும் விடுதி) கிடைக்கும் நாகா சீ விட்ச், முதலில் சொன்ன சூனியக்காரி. எந்த இனத்தை ஆடினாலும் அவளை ஹீரோவாக அமர்த்திக்கொள்ளலாம். மூன்றாவது, தனிப்பட்ட மேப்கள் (ஆட்டக்களங்கள்). விளையாட்டோடு வரும் மேப் செய்யும் கருவியான வேர்ல்டு எடிட்டரில் நாகாக்களின் கட்டடங்கள், வேலையாட்கள், படைகள் எல்லாம் தயாராக இருக்கின்றன. அதை வைத்துப் பலர் முழு நாகா இனத்தையே ஆடும்படி மேப்கள் செய்திருக்கிறார்கள். முழுச் சுவை இந்த மூன்றாவது வழியில்தான்.

நாகா என்பது நம்ம நாகம்தானா?

சொல் அதேதான். வடமொழி நாகத்திலிருந்து போனது. இடுப்புக்குக் கீழே பாம்பு, மேலே மனித உரு என்று நம் கோயில் சிற்பங்களில் காணும் நாகர்களை நினைவுபடுத்தும் வடிவம். கதை மட்டும் வேறு. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசி அஷாராவுக்குச் சேவை செய்த உயர்குல எல்ஃப்கள், நித்தியக் கிணறு வெடித்துச் சிதறியபோது கடலில் மூழ்கி உருமாறினார்கள் என்பது விளையாட்டின் கதை. படைகளின் பெயர்களோ பல ஊர்களிலிருந்து வந்தவை. அருகே நின்று அடிக்கும் மிர்மிடானும் மந்திரம் போடும் சைரனும் கிரேக்கம். பறக்கும் கோவாட்லின் பெயர் மெக்சிகோவின் நாவாட்ல் மொழியில் பாம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

நீரிலும் நிலத்திலும் போகும் படை என்கிறீர்கள். ஆனால் நான் கரையேறிப் போய் அடிக்கும்போது மற்ற படைகளைப் போலத்தானே செத்துப்போகிறது? என்ன லாபம்?

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கரையேறிப் போய் எதிரியின் வாசலில் நின்று அடித்தால் நாகாவும் ஒரு சாதாரணப் படைதான். அவர்களுடைய பலம் தண்ணீரும் தரையும் சேரும் விளிம்பில் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டில் ஆழமில்லாத நீரில் எல்லோரும் நடக்கலாம். முழங்கால் அளவு ஓடையைப் பார்த்து, இங்கே எனக்குப் பாதுகாப்பு என்று நினைத்து நின்றால் காலாட்கள் நேராக வந்து வெட்டுவார்கள். ஆழநீர்தான் உங்கள் வீடு. அதற்குள் எதிரியின் நிலப்படை வர முடியாது. கரையில் திகைத்து நிற்கும், அல்லது நீண்ட வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். அந்த நேரம் முழுக்க உங்களுடையது.

நான் ஆடும் முறை இது. எறிந்து அடிக்கும் படைகளான ஸ்னாப் டிராகன்களையும் சைரன்களையும் ஆழநீரின் ஓரத்தில் நிறுத்துவேன். மிர்மிடான்களைக் கரையில் ஒரு வரிசையாக முன்னே விடுவேன். எதிரி மிர்மிடான்களோடு மோதும்போது பின்னாலிருந்து அடி விழும். மிர்மிடான் ஒன்றின் உயிர் குறைந்துவிட்டால் இரண்டு அடி பின்னால் இழுத்தால் போதும், அவன் தண்ணீருக்குள் போய்விடுவான். துரத்தி வந்த வாள்வீரன் கரையோடு நின்றுவிடுவான். மற்ற இனங்களுக்குப் பின்வாங்குவது என்றால் முதுகைக் காட்டி ஓடுவது. நாகாவுக்கு அது ஒரு நொடி வேலை. அப்படிக் காப்பாற்றிய ஒவ்வொரு மிர்மிடானும் அடுத்த சண்டைக்கு வருவான். பத்து நிமிடம் கழித்துப் படையை எண்ணிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் வில்லாளிகளும் மோர்ட்டார்களும் பறக்கும் படைகளும் தண்ணீருக்குள்ளும் அடிப்பார்கள். எதிரி கிரிஃபான், வைவெர்ன் என்று வானத்துக்கு மாறிவிட்டால் ஆழநீர் உங்களைக் காப்பாற்றாது. அப்போது மிர்மிடானின் வலைதான் துணை. என்ஸ்னேர் மேம்பாட்டை எடுத்துவிட்டால் பறப்பதையும் வலைவீசித் தரையில் இறக்கலாம். இறங்கியதைச் சுற்றி வளைத்து அடியுங்கள்.

பனி அம்பு நல்லதா, ஃபோர்க்டு லைட்னிங் என்ற மின்னல் நல்லதா? சீ விட்ச்சுக்கு முதலில் எதை எடுப்பது?

நாகாக்களோடு ஆடினால் முதலில் பனி அம்பு. டேவர்னில் எடுத்து வேறு இனத்தோடு ஆடினால் பலர் மின்னலைத்தான் முதலில் எடுப்பார்கள். அதுவும் சரிதான். காட்டு உயிர்களைக் கொன்று லெவல் ஏற அது வசதி, கூட்டத்தில் ஒரே வீச்சில் பலரை அடிக்கும்.

பனி அம்பை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது எதிரியின் காலைக் கட்டுகிறது. மெதுவாக நடப்பவனால் துரத்தவும் முடியாது, தப்பவும் முடியாது. நீரோரத்தில் சண்டை போடும் படைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நீங்கள் தண்ணீருக்குப் போகும்போது அவன் பின்தங்குவான். அவன் ஊருக்கு ஓடும்போது நீங்கள் முன்னால் போய் நிற்பீர்கள். தண்ணீர் உங்களுக்கு வழி தருகிறது, பனி நேரம் தருகிறது. ஆள் எண்ணிக்கை குறைவாக இருந்தும் நாகாக்கள் ஜெயிப்பது இந்த இரண்டும் சேரும்போதுதான்.

பயன்படுத்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒருவன் மேல் பனி பட்டுவிட்டால் அடுத்த அம்பு அதே குளிரின் காலத்தைப் புதுப்பிக்குமே தவிர, மேலே மேலே சேர்ந்து அவனை இன்னும் மெதுவாக்காது. அதனால் ஒருவனையே அடித்துக்கொண்டிருக்காதீர்கள். ஓர் அம்பு இவனுக்கு, அடுத்தது பக்கத்திலிருப்பவனுக்கு. முன்வரிசையில் மூன்று பேர் மெதுவாகிவிட்டால் பின்னால் வருபவர்கள் அவர்கள்மேல் முட்டி நிற்பார்கள். எதிரி ஹீரோக்கள் மேல் மட்டும் குளிர் சீக்கிரம் விலகிவிடும், அவர்களைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். ஒவ்வொரு அம்புக்கும் மானா (மந்திர சக்தி) செலவாகும். வழியில் பார்க்கும் காட்டு உயிர் மேலெல்லாம் அம்பு போகாதபடி தானியங்கியை அணைத்து வையுங்கள்.

மானா ஷீல்டு எடுத்தும் என் விட்ச் சாகிறாளே?

அந்தக் கவசம் அடியை மானாவில் வாங்குகிறது. மானா தீர்ந்தால் கவசமும் இல்லை, அம்பும் இல்லை. எதிரியிடம் டீமன் ஹன்டரோ ஸ்பெல் பிரேக்கரோ இருந்தால் அவர்கள் மானாவையே குறிவைப்பார்கள், அப்போது அவளைப் பின்னால் நிறுத்துங்கள். மற்ற நேரங்களில் கவசத்தை எப்போதும் போட்டே வைக்காமல், அவளைக் குறிவைக்கிறார்கள் என்று தெரிந்ததும் போடுங்கள்.

சைரன்களின் ஃப்ராஸ்ட் ஆர்மரை யார் மேல் போடுவது?

மிர்மிடான்கள் மேல். அருகே நின்று அடிப்பவர்களைத்தான் அது மெதுவாக்கும், அம்பு எய்பவர்களைத் தொடாது. ஆகவே முன்வரிசைக்கு மட்டும். சைரன்களுக்கான பயிற்சி மேம்பாடுகளை எடுத்தால்தான் அவர்களின் மூன்று மந்திரங்களும் முழுதாகக் கைக்கு வரும். அதைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்றில் எனக்குப் பிடித்தது சைக்ளோன். எதிரியின் மிக முரட்டுப் படையைக் கொஞ்ச நேரம் காற்றில் தூக்கி நிறுத்திவிட்டு மற்றவர்களை முடிக்கலாம்.

தண்ணீருக்குள் மறையும் சப்மெர்ஜ் உண்மையில் பயன்படுமா? நான் ஒருமுறைகூடப் போட்டதில்லை.

போட்டுப் பாருங்கள், ஆட்டமே மாறும். மூழ்கிய நிலையில் நகரவோ அடிக்கவோ முடியாது என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். சண்டைக்கு நடுவில் அது வேண்டாம்தான். ஆனால் எதிரி அடிக்கடி வந்துபோகும் ஆற்றுத்துறையில் நான்கு மிர்மிடான்களை மூழ்கவைத்து விட்டுவிடுங்கள். படை அந்தப் பக்கம் கடந்து போகட்டும். முன்னால் உங்கள் விட்ச் பனி அம்போடு நிற்கிறாள், பின்னால் நான்கு பேர் எழுகிறார்கள். தன் ஊருக்குத் திரும்பும் வழி அடைபட்டதே எதிரிக்கு அப்போதுதான் தெரியும்.

மறைந்ததைக் காட்டும் பொருள்களும் படைகளும் எதிரியிடம் உண்டு. ட்ரூ சீயிங் ரத்தினம், டஸ்ட் பொடி, ஆர்க்குகளின் சென்ட்ரி வார்டு, அன்டெட்டின் ஷேடு. வார்டு நட்ட துறையில் மூழ்கிக் காத்திருந்தால் உங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே அடிப்பார்கள்.

ஐயா, எந்த எதிரி நாகாக்களுக்கு ரொம்பத் தொல்லை?

(ஐயா இல்லை, அக்காதான். பரவாயில்லை.)

மந்திரம் ஒட்டாத படைகள். ஸ்பெல் பிரேக்கர், ட்ரையாட், டெஸ்ட்ராயர் ஆகியவற்றின் மேல் குளிரும் பிடிக்காது, சைக்ளோனும் பிடிக்காது. இவர்கள் கூட்டமாக வந்தால் பனியை மறந்துவிட்டு மிர்மிடானையும், எதிரியை விழுங்கும் ஆமையான டிராகன் டர்ட்டிலையும் அதிகமாக்குங்கள். எதிரி தன் படைமேல் நல்ல மந்திரங்களாகப் போட்டுக்கொண்டு வந்தாலோ, வரவழைத்த பூதங்களை முன்னே விட்டாலோ கோவாட்ல்கள் வேண்டும். அவற்றின் அபாலிஷ் மேஜிக் அந்த மந்திரங்களைக் கழற்றும், வரவழைத்தவற்றைக் காயப்படுத்தும்.

டிராகன் டர்ட்டில் விழுங்கியதை எதிரி மீட்க முடியுமா?

முடியும். ஆமையைக் கொன்றால் உள்ளே இருப்பவன் உயிரோடு வெளியே வந்துவிடுவான். விழுங்கிய உடனே ஆமையை ஆழநீருக்குக் கொண்டுபோய்விடுங்கள், ஜீரணமாகும்வரை அங்கேயே இருக்கட்டும்.

எத்தனை பேர் வரை படை வைப்பது?

படையின் அளவை எண்ணும் உணவுக் கணக்கு 50 வரை இருந்தால் சுரங்கத்தின் தங்கம் முழுதாக வரும். 51 முதல் 80 வரை பத்துக்கு ஏழு, அதற்கு மேல் பத்துக்கு நாலுதான். படையைக் காப்பாற்றி ஆடும் இனத்துக்கு ஐம்பதிலேயே நீண்ட நேரம் நிற்பது லாபம். இழப்பு குறைவு என்பதால் சேரும் தங்கத்தை மேம்பாடுகளில் போடுங்கள்.

தண்ணீரே இல்லாத மேப்பில் என்ன செய்வது? கேம்பெயினில் வரும் அவுட்லேண்டில் எல்லாம் வறண்ட பூமியாக இருக்கிறதே.

அங்கே பாதிப் பலம் போய்விடும், அதை ஒத்துக்கொண்டு ஆடவேண்டும். ஆறு இல்லாத இடத்தில் குறுகலான பாதையைத் தேடுங்கள். பனி அம்பு, வலை, ஸ்னாப் டிராகனின் மெதுவாக்கும் நஞ்சு மூன்றையும் அந்தக் கழுத்தில் பயன்படுத்தினால் எதிரி சேற்றில் மாட்டிய மாதிரி நிற்பான். கேம்பெயினில் பிளட் எல்ஃப்களும் உங்களோடு இருப்பதால் அடிக்கும் வேலையை அவர்களிடம் கொடுத்து, பிடித்து வைக்கும் வேலையை நாகாக்களிடம் விடுங்கள்.

அன்டெட் கேம்பெயினின் கடைசிக் கட்டத்தில் நாகாக்களே எதிரி. அன்டெட் தலைவன் ஆர்தஸ் பக்கம் நின்று அவர்களை எப்படிச் சமாளிப்பது?

ஐஸ்கிரௌன் பனிப்பாறையைச் சுற்றியுள்ள நான்கு தூண்களையும், நாகாக்கள் துணைநிற்கும் இல்லிடனுக்கு முன்பாக நீங்கள் கைப்பற்ற வேண்டிய கட்டம் அது. எனக்கு மனம் கஷ்டப்படும் கட்டம், ஏனென்றால் பிடித்த படையை நானே அடிக்க வேண்டியிருக்கிறது. பலர் நான்கு தூண்களுக்கும் ஓடி ஓடித் தோற்பார்கள். பிடித்த தூணைக் காக்கக் கோபுரங்களும் கொஞ்சம் படையும் விட்டுவிட்டு, முக்கியப் படையோடு அடுத்ததற்குப் போங்கள். உறைந்த நிலத்தில் நாகாக்களுக்கு ஒளிய ஆழநீர் கிடைக்காதபோது அவர்களைத் திறந்தவெளிக்கு இழுத்து அடியுங்கள். நாகாவாக ஆடும்போது நீங்கள் எதற்குப் பயப்படுவீர்களோ அதையே செய்தால் சரி.

நாகா மேப் நானே செய்யலாமா? எதிலிருந்து தொடங்குவது?

செய்யுங்கள். வேர்ல்டு எடிட்டரில் தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் நாகாக்களின் தலைமைக் கட்டடமான டெம்பிள் ஆஃப் டைட்ஸ் ஒன்று, ஐந்து முர்குல் வேலையாட்கள். உணவுக்குக் கோரல் பெட் கட்டுவார்கள், காவலுக்கு டைடல் கார்டியன் கோபுரம். மேப்பின் நடுவில் வளைந்து ஓடும் ஓர் ஆறு போடுங்கள். ஆழமும் ஆழமின்மையும் மாறி மாறி வரட்டும். எல்லாம் ஆழமாக இருந்தால் எதிரியால் கிட்டவே வர முடியாது, ஆட்டம் சலித்துவிடும். முழங்கால் ஆழத் துறைகள் மூன்று நான்கு விட்டால் சண்டை தானாக அங்கே கூடும். முதலில் சின்ன மேப்பாக, இரண்டு பேர் ஆடும் அளவில் செய்து அனுப்புங்கள். நான் நாகா பக்கம் எடுத்துக்கொள்கிறேன்.