காய்ச்சலுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 63. விடாத காய்ச்சல். ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிட்டிகஸ்' என்ற கிருமி இருப்பதாக வந்தது. ஆன்டிபயாடிக் ஊசியில் குணமாகிவிட்டார். இப்போது கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) செய்யச் சொல்கிறார் டாக்டர். அப்பாவுக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை. இது பணம் பிடுங்கும் வேலை என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. உண்மையா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: தேவையில்லாமல் ஸ்கேன் எழுதுகிறவர்களை இந்தப் பக்கத்தில் நிறையவே திட்டியாயிற்று. உங்கள் டாக்டரைத் திட்ட மாட்டேன். எழுதாமல் விட்டிருந்தால் திட்டியிருப்பேன்.

அந்தக் கிருமி குடல்வாசி. குடலின் உட்சவ்வு சரியாக இருந்தால் ரத்தத்துக்குள் எளிதில் நுழையாது. பாலிப்போ (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) கட்டியோ சவ்வைக் குலைத்த இடத்தில் புகுந்துவிடும். புகுந்தது இதய வால்வில் போய் ஒட்டிக்கொள்வதும் உண்டு. வால்வில் தொற்று, குடலில் புற்று என்ற ஜோடியை 1951-லேயே மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். 1970-களில் சந்தேகம் இந்தக் கிருமி மேலேயே விழுந்தது. அப்போது அதற்கு 'போவிஸ்' என்று பெயர்.

ஹாங்காங்கில் 2006 முதல் 2015 வரை ரத்தத்தில் பாக்டீரியா தொற்று வந்த 13,096 பேரின் பதிவுகளைப் புரட்டி, 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு வந்த கிருமி இருந்தவர்களிடம் பிற்பாடு பெருங்குடல் புற்றுநோய் தெரியவரும் வாய்ப்பு, தொற்று வராதவர்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு.

எல்லாக் கிருமிக்கும் இது பொருந்தாது. சிறுநீர்த் தொற்றிலிருந்து ஈ.கோலை ரத்தத்தில் கலந்தவரை எல்லாம் கொலனோஸ்கோபிக்கு அனுப்புவதில்லை. ரிப்போர்ட்டில் இருக்கும் பெயர்தான் முக்கியம். அதைப் பத்திரமாக வையுங்கள்.

கிருமிதான் புற்றைத் தூண்டுகிறதா, ஏற்கெனவே இருக்கும் புற்று கிருமிக்கு வழிவிடுகிறதா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். கட்டட்டும். எதுவானாலும் அப்பாவுக்குச் செய்ய வேண்டிய பரிசோதனை ஒன்றுதான். ஒன்றுமே இல்லை என்றும் வரலாம். பாலிப் இருந்தால் பெரும்பாலும் அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள். 'தொந்தரவு இல்லையே' என்பது சமாதானம் ஆகாது. பாலிப் பெரும்பாலும் தொந்தரவு தராது.

முந்தின நாள் குடிக்கும் பேதி மருந்துதான் பெரும் பாடு. மாமாவுக்கு உதவும் எண்ணம் இருந்தால், அன்றைக்கு அப்பாவுக்குத் துணை இருக்கச் சொல்லுங்கள்.