கிருமி தாக்கிய இதய வால்வு: உலோகமா, திசுவா?

கேள்வி: என் மனைவிக்கு 29 வயது. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் (இதய வால்வைக் கெடுக்கும் காய்ச்சல்) இதயத்தின் மைட்ரல் வால்வு பழுது. ஒரு மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். வால்வில் கிருமி இருக்கிறது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். உலோக வால்வா, திசு வால்வா என்று எங்களைக் கேட்கிறார்கள். உலோகத்தில் மறுபடியும் கிருமி ஒட்டிக்கொள்ளும் என்கிறார் உறவினர். எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. என்ன செய்வது டாக்டர்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். மறுபடி கிருமி வரும் வாய்ப்பு இரண்டு வால்வுகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதைத் தடுப்பது, கிருமி அரித்த சதையைச் சர்ஜன் மிச்சமில்லாமல் சுரண்டி எடுப்பதும், வாரக்கணக்கில் நரம்பு வழியே ஏற்றும் ஆன்டிபயாடிக்கும்தான். நடுவில் காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஊசியை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

வால்வைப் பழுது பார்த்தே காப்பாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். ருமாட்டிக் வால்வு தடித்துச் சுருங்கியிருக்கும் என்பதால் பல நேரம் முடியாது. ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

மாற்றத்தான் வேண்டுமென்றால், உலோக வால்வு பல பத்தாண்டுகள் உழைக்கும். இரவில் அமைதியாகப் படுத்திருக்கும்போது 'டிக் டிக்' என்று அவருக்கே கேட்கும். ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை அடிக்கடி. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வார்ஃபரின் கருவைப் பாதிக்கலாம். நிறுத்தினாலோ வால்வில் ரத்தம் உறைந்து தாயின் உயிருக்கே ஆபத்து. உறைவு தடுக்கும் ஹெபாரின் ஊசிக்கு மாற்றினாலும் நெருக்கமான கண்காணிப்பு வேண்டும்.

திசு வால்வு மாட்டின் அல்லது பன்றியின் திசுவில் செய்தது. இதயத் துடிப்பு சீராக இருந்தால், பெரும்பாலும் சில மாதங்களில் அந்த மாத்திரையை நிறுத்திவிடலாம். குறை என்னவென்றால், இளம் வயதில் இது சீக்கிரம் தேய்ந்துவிடும். பத்து வருடத்துக்குள்ளேயே கூட இன்னொரு ஆபரேஷன் வரலாம்.

குழந்தை வேண்டும் என்ற ஆசை இருவருக்கும் உறுதியாக இருந்தால், அடுத்த ஆபரேஷனுக்கு மனதைத் தயார் செய்துகொண்டு திசு வால்வைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் எண்ணம். வால்விலிருந்து கிருமிக்கட்டி உடைந்து மூளைக்குப் போய் அங்கே ரத்தக்கசிவு இருந்தால், உறைவு தடுக்கும் மாத்திரையே ஆபத்து. அப்போதும் திசு பக்கம்தான் சாய்வேன். மூளைக்கு ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள். முடிவை மனைவியும் உட்கார்ந்து பேசி எடுக்கட்டும், அவருடைய உடம்பு அது.

அப்புறம், எந்த வால்வு வைத்தாலும் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் கட்டாயம். ருமாட்டிக் காய்ச்சல் மறுபடி வராமலிருக்கப் போடும் பென்சிலின் ஊசியும் தொடர வேண்டும். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல் அடித்தால் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். அப்புறம் ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போய்விடும்.